ஜன்னலைப் பார்க்கும் படம்

மைசூரு,
ஞாயிறு மதியம்

அன்புள்ள அப்பாவுக்கு, கோகிலவாணி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா?

பேப்பரில் வந்த என் படத்தைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். நான் சிரித்தபடிதான் நின்றேன். போட்டோக்காரர்தான், "சிரிக்காதீங்க மேடம், யோசிக்கிற மாதிரி ஜன்னலைப் பாருங்க" என்றார். நாலு பேரோடு பேசிப் பேசித்தான் எனக்குக் கணக்கு பிடிபடும், சாயந்திரமானால் கேரம் ஆடுவேன் என்று நிருபரிடம் சொன்னேன். அவரோ 'தனிமையை விரும்பும் கணித மேதை' என்று எழுதிவிட்டார்.

அன்றிலிருந்து விடுதியில் யாரும் என் கதவைத் தட்டுவதில்லை. பக்கத்து அறை ஸ்மிதா, "மெதுவா பேசுங்க, உள்ள அக்கா யோசிக்கிறாங்க" என்று மற்றவர்களை அதட்டுகிறாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். கதவைத் திறந்தால், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள்.

அம்மாவிடம் சொல்லி, பத்துப் பேருக்குக் காணும்படி எள்ளுருண்டை அனுப்புங்கள். அதைச் சாக்காக வைத்து நானே போய் அவர்கள் கதவைத் தட்டுவேன்.

நம் ஊர் ராமாபுரத்துக்கு வரும் சித்தப்பா இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளக் கீழே காத்திருக்கிறார், முடிக்கிறேன். நான் போன் செய்தாலும், "நீ கணக்கைப் பாரு கண்ணு, நாங்க தொந்தரவு பண்ணல" என்று அரை நிமிடத்தில் துண்டித்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாதே என்றுதான் எழுதினேன்.

உங்கள்
வாணி