ஒப்புக்கொள்ளச் சொன்னது நான்தான்

ஆகஸ்ட் 3, திங்கள்
வெயில். பாசஞ்சர் அரை மணி தாமதம். சட்டக் கல்லூரி இலவச உதவிக் குழு, கிளைச் சிறைக்கு. நாங்கள் நான்கு பேர், ஆளுக்கொரு கைதி, ஆளுக்கொரு படிவம். என் ஆள் செல்வராசு, 26, பூதலூர் பக்கம், கூலி. பம்புசெட் ஒயர் திருடியதாக வழக்கு. உள்ளே நாற்பது நாள். வெள்ளிக்கிழமை மாஜிஸ்திரேட் சிறைக்கே வருவார். ஒப்புக்கொண்டால் இருந்த நாளையே தண்டனையாகக் கழித்து விட்டுவிடுவார்கள். விளக்கமாகச் சொன்னேன்.
"அன்னிக்கே விட்ருவாங்களா, வக்கீலம்மா?"
வக்கீலம்மா! வீடு வரும்வரை கால் தரையில் பாவவில்லை.

ஆகஸ்ட் 5, புதன்
நல்ல செய்தி சொல்லப் பூதலூர். செ.யின் மனைவி ராணி களையெடுப்பில். சேற்றுக் கையோடு வரப்பேறி வந்தாள்.
"வெள்ளிக்கிழமை வந்துடுவாரு. ஒத்துக்கிட்டா போதும்."
"எதை ஒத்துக்கணும்? அவரு எடுக்கலீங்க. அன்னிக்கு நீடாமங்கலத்துல எங்க அண்ணன் வீட்டுல இருந்தோம். சிங்கப்பூர் போக பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கோம். திருடன்னு பதிஞ்சிட்டா விடுவாங்களா?"
எடுத்தாயா என்று நான் கேட்கவே இல்லை. படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை. வெட்கமாக இருந்தது. இருக்கிறது.

நாளைக்கு:
– அம்மாவுக்கு மாத்திரை
– குழு வக்கீலிடம் ஜாமீன் மனு
– செ.யைப் பார்த்தே ஆக வேண்டும்

ஆகஸ்ட் 6, வியாழன்
மனு தயார். மாத்திரை மறந்தேன். செ.யிடம், நான் சொன்னது தப்பு, நாளைக்கு மாஜிஸ்திரேட் கேட்டால் எடுக்கவில்லை என்று சொல்லுங்கள் என்றேன்.
"அப்ப நாளைக்கு வீட்டுக்குப் போக முடியாதா?"
"முடியாது. கொஞ்ச நாள் ஆகும். கேஸ் முடியிறவரைக்கும் சிங்கப்பூரும் தள்ளித்தான் போகும். ஒத்துக்கிட்டா அதுவும் இல்லாமப் போயிடும்."
"யோசிக்கிறேங்க."


ஆகஸ்ட் 7, வெள்ளி
மாஜிஸ்திரேட் கேட்டார். செ. என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.
"இல்லீங்கய்யா. நான் எடுக்கல."
வெளியே வந்து இரண்டு டீ குடித்தேன்.

ஆகஸ்ட் 12, புதன்
தூறல். செ. வெளியே! ராணியின் அண்ணனும் பக்கத்து வயல்காரரும் ஜாமீன். சிறை வாசலில் செ. சொன்னார்:
"மொதல்ல நீங்க சொன்னப்பவே மனசு ஒப்பலீங்க. படிச்சவங்க சொல்றாங்களேன்னு தலையாட்டிட்டேன்."
இதை மறக்கக் கூடாது. ராணி ஒரு பை கத்தரிக்காய் கொடுத்தாள். அம்மாவுக்கு ஏக சந்தோஷம். எனக்கும்தான்.

ஆகஸ்ட் 17, திங்கள்
மீண்டும் கிளைச் சிறை. புது ஆள், சைக்கிள் திருட்டு வழக்கு. படிவத்தை மூடி வைத்துவிட்டு முதல் கேள்வியே அதுதான்: "நீங்க எடுத்தீங்களா?"
"ஆமாங்க," என்றார்.
அடுத்து என்ன கேட்பது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை.