நாற்பத்தோராம் பக்கம்

நூலாசிரியர் அவர்களுக்கு,

இசையின் அறிவியல் பற்றிய உன் நூலும் அழைப்பிதழும் கிடைத்தன. ஞாயிறன்று அஸ்தம்பட்டியில் நடக்கும் நூல் வெளியீட்டு விழாவில் வாழ்த்துரை வழங்க வருகிறேன்.

கல்லூரி விடுதியில் நீ இரவல் வாங்கி, தொலைத்துவிட்டதாகச் சொன்ன என் நோட்டை இருபத்தேழு வருடம் கழித்து அச்சில் படித்தேன். ஒரு கமா கூட மாறவில்லை. என் மனைவி இரண்டு பக்கம் படித்துவிட்டு, "ஏனுங்க, இது நீங்க பேசற மாதிரியே இருக்குதுங்களே?" என்றாள்.

"நான் எழுதினதுதான்."

"அப்பறம் அவரை எதுக்குங்க வாழ்த்தப் போறீங்க?"

நாற்பத்தோராம் பக்கத்தில், நாகசுரத்தின் நீளம் கூடினால் சுருதியும் கூடும் என்றிருக்கிறது. உண்மையில் சுருதி இறங்கும். பத்தொன்பது வயதில் நான் செய்த பிழை அது. நோட்டு கைக்கு வந்திருந்தால் அன்றே திருத்தியிருப்பேன். நீயோ யோசிக்காமல் பிழையையும் சேர்த்தே திருடியிருக்கிறாய்.

விழாவில் ராசிபுரத்து நாகசுரக்காரர்கள் வாசிக்கிறார்களாம். அவர்கள் முன்னால் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படிப்பேன். "எழுதியவரே விளக்கட்டும்" என்று மைக்கை உன்னிடம் நீட்டுவேன்.

அழைப்பிதழில் என் பெயரை அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டாய். இனி என்னை வர வேண்டாம் என்று சொல்லவும் உன்னால் முடியாது. இன்னும் நான்கு நாள் இருக்கிறது. என்ன சொல்வதென்று யோசித்து வை. இந்த முறையாவது சொந்தமாக யோசி.

இப்படிக்கு,
உன் பழைய அறைத்தோழன்