பதினோராம் பக்கத்து அஞ்சலி

4-3-2098, செவ்வாய், 09:00
நிலவின் தென்முனை, பழைய பத்திரிகைக் காப்பகம். இதைக் கண்டெடுப்பவர் எழுந்து நின்று வாசிக்கவும். எழுதுவது நாற்பதாயிரம் கோடிப் பக்கங்களுக்கு ஏகச் சக்கரவர்த்தி, ஆவுடையப்பன். வெப்பம் 12 பாகை. ஈரப்பதம் 30. கரப்பான் இல்லை. குடிமக்களும் இல்லை.

கோவில்பட்டியிலிருந்து அக்கா மகள் முத்தரசியின் செய்தி:
"மாமா, அப்பாவ வெள்ளிக்கிழம கோர்ட்ல நிறுத்துறாங்க. அந்த மாசிலாமணி கேச மறுபடி தோண்டிட்டாங்க. உங்க பேப்பர்ல எதாச்சும் கெடைக்குதான்னு பாருங்க. கத விடாம பாருங்க."

5-3, புதன், 20:15
வழக்கு இதுதான். 2072 அக்டோபர் 3 அன்று எங்கள் ஊர் மாசிலாமணி காணாமல் போனார். கடைசியாக அவரை வண்டியில் ஏற்றிப் போனவர் என் மச்சான், முத்தரசியின் அப்பா சண்முகக்கனி. மறுநாளே மச்சான் கட்டட வேலைக்கு நிலவுக்கு வந்துவிட்டார். மூன்றாம் தேதியே கொன்றுவிட்டுத்தான் வந்தார் என்கிறது போலீஸ். உடல் கிடைக்கவேயில்லை.

காகிதம் கெடாமலிருக்கக் கூடத்தில் நைட்ரஜன்தான். முகமூடி போட்டுத்தான் நுழைய வேண்டும். ஏழு ஆக்சிஜன் உருளை காலி. ஒரு யானையின் மூச்சை ஒரே நாளில் குடித்திருக்கிறேன். மாசிலாமணிக்கு மூன்று பத்திரிகை மூன்று விதமாக வயது போட்டிருக்கிறது. காணாமல் போன தேதி மட்டும் எல்லாவற்றிலும் மூன்று.

6-3, வியாழன், 16:40
பூமியில் இருக்கும் கணினிப் பிரதியில் செய்திகள் மட்டுமே. கண்ணீர் அஞ்சலிப் பக்கங்களைக் குப்பையென்று தள்ளியிருக்கிறார்கள். நம் ஊரில் செத்தவரை வருடா வருடம் பேப்பரில் பார்க்காவிட்டால் யாருக்கும் தூக்கம் வராது. ஆனால் மாசிலாமணியின் மனைவி அஞ்சலி போடவில்லை. அவர் வருவார் என்று தாலியோடு காத்திருந்தவள். ஆகவே இங்கே தேடுவது முட்டாள்தனம். தேடினேன்.

2073 அக்டோபர் 6, பதினோராம் பக்கம். தீப்பெட்டி அளவு. படம். "முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலி. மாசிலாமணி. மறைவு: 6.10.2072." போட்டவர் பெயர் இல்லை.

உடலே கிடைக்காதவர் இறந்த நாள் யாருக்கோ தெரிந்திருக்கிறது! அன்று மச்சான் இங்கே, நிலவில். மூன்று உலகமும் அதிரச் சிரித்தேன். உடனே பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன்.

17:30, முத்தரசி:
"மாமா, நீங்க தெய்வம்! பேப்பர் நெசமாவே இருக்குன்னு நாளைக்கி ஆறு மணிக்குள்ள காப்பாளர்ங்கற முறையில நீங்க எழுதிக் குடுக்கணுமாம். இல்லன்னா செல்லாதாம். இத போட்டவனப் புடிச்சா கொலகாரன் மாட்டுவான். அம்மாகிட்ட சொல்லிட்டேன்!"

7-3, வெள்ளி, 11:05
லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அனுப்புமுன் பார்த்திருக்க வேண்டும். படத்தில் மாசிலாமணிக்குப் பின்னால் நீலச் சுவர். சுவரில் ஒரு தென்னை மரம், இடுப்பொடிந்த மாதிரி.

அதை வரைந்தவன் நான். அக்கா பேராச்சியின் படுக்கையறைச் சுவர் அது. மாசிலாமணி காணாமல் போன அந்த வருடமே அக்கா அதை வெள்ளையடித்துவிட்டாள். அப்போது முத்தரசிக்கு ஒரு வயது.

இதில் மிகை இல்லை.

14:20, அக்கா:
"ஏலே ஆவுடை, சாப்பிட்டியா? அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போட்டுரு. அங்க இல்லன்னு சொல்லிரு. அஞ்சலி வந்த அன்னைக்கு உம் மச்சானும் பேப்பர் பாத்தவருதான். இத்தன வருசமா வாயத் தெறக்கல, இனியும் தெறக்க மாட்டாரு. அக்கா கேக்கேன்ல?"

16:50
பக்கம் கையில். முகமூடி ஓரத்தில் கசிகிறது. தலை சுற்றுகிறது. கிழித்தால் ஒரு நொடி. வாய் திறக்காத மனுசன் கூண்டில் நிற்கிறார். என்னைத் தூக்கி வளர்த்தவள் அக்கா.

17:52
அனுப்பினேன்: "மூலப் பக்கம் இருக்கிறது. ஆவுடையப்பன், காப்பாளர்."

17:58
அழைப்பு விளக்கு. அக்கா. எடுக்கவில்லை.

18:03
இன்னும் எரிகிறது.

18:11
நின்றுவிட்டது.

20:26, முத்தரசி:
"மாமா! அப்பாவுக்கு ஜாமீன் குடுத்துட்டாங்க! வெளிய வந்து அழுதுட்டே நிக்காரு, ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்காரு. அம்மாகிட்ட சொல்லலாம்னு வீட்டுக்கு ஓடுனா கதவு தெறந்து கெடக்கு, ஆளக் காணோம். உங்ககிட்ட பேசுனாளா மாமா? எதும் சொன்னாளா?"

20:40
அக்காவை அழைத்தேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

21:15
இன்னும் அடிக்கிறது.