பிள்ளை கைவிட்டவர்கள் பட்டியல்

கரமனை,
23-8-2001

அன்புள்ள மகன் விஜினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில நானும் அப்பாவும் இங்கே சுகம், அந்த வெளிநாட்டு வெயில்ல நீயும் உடம்புக்குக் கேடில்லாம இருக்கணும்ணு தினமும் ஜெபிக்கேன். அஞ்சு மாசமா கம்பெனி சம்பளம் தரல்லைண்ணு எழுதியிருந்தே, அதுக்கு எங்கிட்ட மன்னிப்பு கேட்டிருந்தியே, அதுதான் எனக்குப் பொறுக்கல்லை. இனி அப்படி எழுதாதே மக்களே.

இங்கே நடந்ததை யோசுவா சித்தப்பா போன்ல வேற மாதிரி சொல்லுவான், அதுக்கு முன்னே நானே சொல்லீருதேன். கரண்ட் பில்லு கட்ட முடியல்லை, ரெண்டு வாரம் முன்னே ஆள் வந்து ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போயிட்டான், அது அவன் வேலை, அவன்மேல கோபமில்லை. அப்பாவுக்க இன்சுலின் கெட்டுப்போவுமேண்ணு குப்பியைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு முக்கில சோடாக்கடை பிச்சைக்கனிகிட்ட ஓடினேன். அவன் ஒரு கேள்வி கேக்கல்லை, நாலு கலர் பாட்டிலைத் தள்ளி வச்சு பிரிட்ஜில இடம் தந்தான். பின்னெ வந்தான் யோசுவா, அப்பாவுக்க சொந்தத் தம்பி. நாலு பெரிய மனுசங்களோட சேர்ந்து வெளிச்சம் உதவிச் சங்கம்ணு தொடங்கியிருக்கான், கஷ்டப்படுத வீட்டுக்குக் கரண்டு பில்லும் தண்ணி பில்லும் கட்டிக் கொடுக்குதாங்களாம். அண்ணனுக்கு உதவ வந்தவன் செருப்பைக்கூடக் கழத்தாம அடுக்களை வரைக்கும் நடந்து ஃபேனை எண்ணினான், நீ அனுப்பின பிரிட்ஜைத் திறந்து குனிஞ்சு பாத்தான். உள்ளே ரெண்டு காலிக் குப்பி. பிரிட்ஜ் இருக்கப்பட்ட வீட்டுக்கு உதவி எதுக்கு மைனிண்ணு ஒரு சிரிப்பு வேற. கட்டில்ல கிடந்த அப்பா சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு.

ரெண்டு நாள் கழிச்சு அவனே ஆளனுப்பினான், உங்க பேரைச் சேத்தாச்சு, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வரணும், மேடையில போட்டோ எடுத்தாத்தான் காசுண்ணு. அப்பாவுக்க மருந்தை நினைச்சுப் போனேன். பொன்னாடைக்கு மட்டும் ஒரு மணி நேரம், இவன் அவனுக்குப் போத்துதான், அவன் இவனுக்குப் போத்துதான். வீட்டுல விளக்கில்லாத நாங்க பதினோரு பேரு நெஞ்சில நம்பர் குத்திக்கிட்டு அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். நோட்டீஸைப் படிச்சா என் பேரு 'பிள்ளைகளால் கைவிடப்பட்டோர்' பட்டியல்ல இருக்கு. யோசுவாகிட்ட போய்க் கேட்டேன். எந்தப் பட்டியல்லயாவது சேக்கணுமே மைனி, விதவைண்ணு போட அண்ணன் உயிரோடல்லா இருக்காரு, விஜினா வந்து இதைப் படிக்கப் போறான், பேசாம வாங்கிட்டுப் போங்கண்ணான்.

பேரைக் கூப்பிட்டாங்க. ஏறினேன், கவரை வாங்கல்லை, மைக்கைப் பிடிச்சேன். என் மகன் என்னைக் கைவிடல்லை, அவனை வேலைக்கு வச்சவன் சம்பளம் தரல்லை, இந்தப் பொய்யை எழுதினது என் புருசனுக்க கூடப்பிறந்த தம்பிண்ணு சொல்லிட்டு இறங்கினேன். குடும்ப மானத்தை வாங்கிட்டீங்களேண்ணு வாசல் வரைக்கும் பின்னாலே வந்து கத்தினான். அவனுக்கு மானம்ணு ஒண்ணு இருக்குண்ணு அண்ணைக்குத்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சொன்னப்போ, அத்தனை நாளா சுவரைப் பாத்துக் கிடந்த அப்பா, மைக்கு நல்லாக் கேட்டுச்சாண்ணு மட்டும் கேட்டாரு.

திங்கக்கிழமை நேரே கரண்டாபீஸுக்குப் போனேன். கவுண்டர்ல இருந்த மலையாளத்துப் பொண்ணு, தவணையா கட்டலாமே அம்மச்சி, ஒரு பேப்பர்ல எழுதித் தாங்கண்ணு சொன்னா. அவ்வளவுதான் விசயம். ஓணத்துக்கு ஜாக்கெட் தைச்ச கூலியில முதல் தவணையைக் கட்டினேன், சாயங்காலமே கரண்டு வந்தாச்சு. இத்தனை பெரிய சங்கத்துல இதைச் சொல்லித்தர ஒருத்தனுக்கு வாயில்லை. சொல்லித்தந்தா பின்னெ மேடையில ஏத்த ஆள் எங்கே கிடைக்கும்?

யோசுவா போன் பண்ணினா சுகம் விசாரிச்சுட்டு வச்சிரு, அவன்கிட்ட வாதம் பண்ணி நேரத்தைக் கெடுக்காதே. எங்களுக்கு அனுப்பணும்ணு வட்டிக்கு வாங்காதே. பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரன்கிட்ட இருந்து எப்படியாவது வாங்கி உன் கையில வச்சுக்கோ, மறந்துராதே. கர்த்தர் உன் போக்கிலும் வரத்திலும் கூட இருக்கட்டும். டிக்கெட் கிடைச்சா வெறுங்கையோடயே ஏறி வந்துரு மக்களே, எனக்கு நீ வந்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்.

உன் அம்மா,
ராகேல் சத்தியநேசன்