நீ கழற்றிப் போட்ட ஜக்கெட்

மச்சான், ஊறிப்போன ஸ்பொஞ்சின் வாடை இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். இன்று பெருநாள் மறுநாள். விடிந்ததும் நம் போட் கொட்டிலில் கிடந்த லைஃப் ஜக்கெட்டுகளைத் தொட்டித் தண்ணீரில் போட்டு, நீ செய்வதைப் போலவே ஒவ்வொன்றின் மேலும் கல் வைத்துப் பார்த்தேன். பதினொன்றில் நான்கு, கல்லையும் கொண்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கின. வெளியே பார்த்தால் அதே ஆரஞ்சு நிறம், அதே பளபளப்பு. உள்ளே ஸ்பொஞ்ச் நசிந்து செத்திருந்தது. இனி யாரும் எடுத்துப் போடாதபடி அவற்றைக் கத்தியால் கிழித்தேன். அந்த வாடைதான் இது.

நசியாமல் என்ன செய்யும்? எங்கள் ஆட்களுக்கு ஜக்கெட் என்றால் போட்டில் விரித்து உட்காருகிற மெத்தை. பெருநாள் மறுநாள் மதுரங்குளிப் பக்கமிருந்து வேனில் வந்து இறங்குகிற குடும்பங்களை நீ மறந்திருக்கமாட்டாய். கச்சான் காற்றுக் காலத்தில் கடல் பக்கம் போக முடியாது என்பதால் எல்லோருக்கும் அலை குறைந்த களப்புக்குள்தான் ஓட்டம். போட்டின் பலகை ஈரமாக இருக்கும். உடுத்தியிருப்பதோ புது உடுப்பு. கொடுத்த ஜக்கெட்டை மடித்துப் பலகையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகளின் சட்டை கசங்கிவிடும் என்று பட்டியை இழுக்கவும் விடமாட்டார்கள். நீ நின்ற இடத்தில் நின்று கத்துவாய். "உடுப்புக் கசங்கினா ஸ்திரி போடலாம் ராத்தா. எழும்புங்க, எழும்பி அதப் போடுங்க." மார்க்கம் போதிக்கிறவரைப் போலப் பேசுகிறாய் என்று ஊரில் உனக்கு ஜக்கெட் ஹஸரத் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்தவர்களில் நானும் ஒருவன்.

பிள்ளைகள் என்றால் உன் தொல்லை இரட்டிப்பாகும். போட்டில் ஏற்றிய பிறகு இல்லை, கரையிலேயே வரிசையாக நிற்க வைத்து ஜக்கெட் மாட்டுவாய். கொக்கிகளைப் பூட்டி, கால்களுக்கு இடையே போகிற பட்டியையும் இழுத்துவிட்டு, இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்கிப் பார்ப்பாய். "தூக்கினா புள்ளையும் சேர்ந்து வரணும். ஜக்கெட் மட்டும் காதுக்கு மேல ஏறினா அது இந்தப் புள்ளைக்கு உரியது இல்ல." கொழும்புக்குப் போய் மூன்று அளவில் ஆறு சின்ன ஜக்கெட் வாங்கி வந்தாய். கொட்டிலில் இடத்தை அடைக்கிறது என்று நான் முணுமுணுத்தேன்.

ஏழு வருஷத்துக்கு முந்திய பெருநாள் மறுநாள் அந்த ஆறும் கொட்டிலில் இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இன்று காலை வரை, வாங்கிப் போனவனைத் தவிர வேறு ஆளுக்குத் தெரியாது. முதல் நாள் பின்னேரம் பள்ளிவாசல்துறையிலிருந்து என் மச்சினன் போன் எடுத்தான். அவனுடைய போட்டில் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் போகிறார்களாம், சின்ன ஜக்கெட் இருந்தால் தா என்றான். என் ஆட்களின் பிள்ளைகள்தானே என்று ஆறையும் தூக்கிக் கொடுத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலையில் வந்த குடும்பத்தில் ஐந்து வயதுப் பெண் பிள்ளை ஒன்று. மஞ்சள் சட்டை, முழங்கால் வரை சுருக்கு வைத்தது. பெரியவர்களின் ஜக்கெட்டை அதற்குப் போட்டு, பட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டவன் நான். நீ வந்து தோளைப் பிடித்துத் தூக்கினாய். பிள்ளையின் முகம் ஜக்கெட்டுக்குள் போய் மறைந்தது. அது சிரித்தது. நீ சிரிக்கவில்லை. வந்தவர்களுக்கு முன்னால் சண்டை பிடிக்கிற பழக்கம் உனக்கு இல்லை. இன்ஜின் பக்கம் என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாய்.

"சின்னது எங்க?"

"மச்சினன் கொண்டு போனான். பெரிசயே இறுக்கிக் கட்டீருக்கன், ஒண்டும் ஆகாது."

"புள்ள விழுந்தா இது மட்டும்தான் மிதக்கும். நான் போட்ட எடுக்கல்ல."

"அப்ப நான் ஓட்டுறன். நீ வீட்ட போ."

உன்னோடு பழகிய இருபது வருஷத்தில் நான் பேசிய மோசமான கதை அதுதான். நீ வீட்டுக்குப் போகவில்லை. உன் ஜக்கெட்டைப் பூட்டிக்கொண்டு ஏறி, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். போகும் வழி முழுக்க அதன் கையைப் பிடித்திருந்தாய்.

காற்றுப் பெரிதாக இல்லை. யாரும் பயப்படுகிற அளவுக்கு எதுவுமே இருக்கவில்லை. திரும்பும்போது இன்னொரு பெருநாள் போட் எங்களை உரசுகிற மாதிரி வேகமாகப் போனது. அதில் இருந்தவர்கள் கை காட்டினார்கள், எங்கள் பிள்ளைகளும் கை காட்ட ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். அந்தப் போட் கிளப்பிய அலை வந்து அடித்தது. உன் பிடியிலிருந்து பிள்ளை வழுக்கித் தண்ணீருக்குள் போனது. நான் இன்ஜினை நிறுத்தித் திரும்பியபோது ஜக்கெட் தண்ணீரில் நிமிர்ந்து நின்று ஆடிக்கொண்டிருந்தது. நான் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. உள்ளே பிள்ளை இல்லை.

நீ குதித்தாய். ஜக்கெட்டோடு கீழே போக முடியுமா? அது உன்னைத் திருப்பித் திருப்பி மேலே கொண்டுவந்தது. இரண்டு தரம் முயன்றாய். பிறகு கொக்கியைக் கழற்றி, ஜக்கெட்டைப் போட்டுக்குள் எறிந்துவிட்டு மூழ்கினாய். என் கண்ணுக்கு முன்னால் நடந்தது இது. மஞ்சள் சட்டை மேலே வந்தது, அதற்குக் கீழே உன் இரண்டு கைகள். பிள்ளையை இழுத்து அதன் தாயிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். கைகளைக் காணவில்லை. யாரோ அறுத்து விட்டுப்போன வலை அடியில் கிடந்திருக்கிறது. உன் காலில் சுற்றியிருந்ததை மற்றவர்கள் வந்து உன்னை எடுத்தபோதுதான் பார்த்தோம். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்தக் குடும்பம் அதன்பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

உன்னை அடக்கிய பிறகு, உன் மனைவி மதினி வெளியே வராமல் இத்தா இருந்தபோது உன் வீட்டுக்குப் போனேன். திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவரு ஏன் ஜக்கெட்டக் கழட்டினாரு?"

"தெரியா மதினி. அவசரத்துல கழட்டீட்டாரு போல" என்றேன். உண்மையைச் சொன்னால், பிள்ளை ஏன் மூழ்கியது என்று கேட்பார். அதைச் சொன்னால், சின்ன ஜக்கெட் எங்கே என்று கேட்பார். நான் கோழை மச்சான், அவ்வளவுதான் காரணம்.

ஊர் தன்பாட்டுக்கு ஒரு கதையைக் கட்டிக்கொண்டது. எல்லோருக்கும் ஜக்கெட் போட்டவன் தான் போடாமல் மௌத்தானான் என்று. கொஞ்ச நாள் ஆச்சரியமாகச் சொன்னார்கள், பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். நேற்று மஃரிபுக்குப் பிறகு தேத்தண்ணிக் கடையில், புதிதாகப் போட் வாங்கியிருக்கிற இளைஞன் ஒருவன் வேறு விதமாகச் சொன்னான். பிள்ளைகளுக்கு என்று தனியாக ஜக்கெட் வாங்கவில்லையா என்று நான் கேட்டதற்கு அவன் சொன்ன பதில் இது.

"ஜக்கெட் ஹஸரத்தே ஜக்கெட்டால தப்பல்ல. சும்மா கரையில காட்டுறதுக்குத்தானே நானா, பெரிசு ரெண்டு போதும்."

கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன். நான் மூடி மறைத்தது உன் பெயரைக் கெடுத்ததோடு நிற்கவில்லை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. அது இன்னொரு போட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

அதனால் இன்று காலை கரையில் சொல்லிவிட்டேன். ஐந்து போட் நின்றது, வேனில் வந்த சனமும் நின்றது. சின்ன ஜக்கெட்டை யார் கொடுத்தது, முடிச்சை யார் போட்டது, நீ எதற்குக் கழற்றினாய், எல்லாவற்றையும் சொன்னேன். சில தாய்மார் பிள்ளைகளை இறக்கிக்கொண்டார்கள். இரண்டு போட்காரர் என் கொட்டிலுக்கு வந்து அளவு பார்த்து எடுத்துப் போனார்கள். அந்த இளைஞன் மட்டும், "பெருநாளும் அதுவுமா என்ன கதை நானா இது" என்று இன்ஜினை இழுத்துக் கிளப்பினான். அவனுடைய போட்டில் மூன்று பிள்ளைகள். ஒன்றின் முகம் கழுத்துப்பட்டிக்கு மேலே பாதிதான் தெரிந்தது. நான் தண்ணீருக்குள் இறங்கிக் கூப்பிட்டேன், இடுப்பளவு வரை போனேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கிருந்து நேரே உன் வீட்டுக்குப் போனேன். மதினி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும் வரை கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். ஏசுவார், சாபம் போடுவார் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன்.

"அவரு வேணுமெண்டுதான் கழட்டினாரு, என்ன" என்றார்.

"ஓம் மதினி."

பிழிந்த துணியைக் கொடியில் விரித்தார். பிறகு கேட்டார். "நீங்க வாயத் தொறக்காத இந்த ஏழு வருஷமும், எத்தன புள்ளையள் பெரிய ஜக்கெட்டோட போயிருக்கும்?"

எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைகளின் முகம் எதுவும் தெரியாது. அநேகமாக எல்லோரும் நல்லபடியாக இறங்கி வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் அந்தக் கேள்வியை இனி நான் இறக்கி வைக்க முடியாது. உன் மௌத்தை விட அது கனக்கிறது என்று சொன்னால் நீ கோபிக்கமாட்டாய் என்று நினைக்கிறேன்.

அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். காற்று எழும்பியிருக்கிறது. காலையில் போன ஐந்தில் நான்கு வந்துவிட்டன. அந்த இளைஞனுடைய போட் இன்னும் வரவில்லை. என் இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்றியாயிற்று, நான் தேடிப் போகிறேன் மச்சான்.