ஒரு நாள் முந்திய பிறை

ஞாயிறு, பெருநாள் இரவு. மரக்காணம்.

கோட்டக்குப்பத்தில் சலீம் வீட்டுக்குப் பிரியாணி சாப்பிடப் போனேன். துபாயில் இருக்கும் சலீம் காலையிலேயே போன் பண்ணியிருந்தான். "வீட்டுல என் வாட்ச் இருக்குது. வித்தா என்ன வரும்னு பாத்து சொல்லுண்ணே. அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

வாட்ச் சேர்க்கிறவன் நான், பார்த்ததும் கை பரபரத்தது. எல்லா நாட்டு நேரமும் ஒரே டயலில். கீறலே இல்லை. அதில் வளர்பிறை தேய்பிறை காட்டும் நிலா மட்டும் ஒரு நாள் முந்தி நின்றது. திருத்தப் போனேன்.

"தொடாதீங்க தம்பி" என்றார் அவன் அம்மா. "அது அவன் ஊர் பிறை. அங்க நேத்தே பெருநாள். நான்தான் தெனமும் சாவி குடுக்கிறேன்."

ஆசையாக வாங்கியதை ஏன் விற்கிறான்? அங்கே வேலை இருக்கிறதா? யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

"எவ்ளோ வரும்ணே?" என்று இப்போது மெசேஜ். "நிலா ஒழுங்கா ஓடுது. அம்மா தெனமும் சாவி குடுக்கிறாங்க" என்று மட்டும் அனுப்பினேன்.

படித்துவிட்டான்.