கருப்புத் திரையில் இரண்டு புள்ளிகள்

அத்தான்,

இன்று காலை கேமராப் பெட்டியைத் திறந்தேன். ஈரம் உறிஞ்ச நீங்கள் போட்டிருந்த நீல மணிப் பொட்டலம் இளஞ்சிவப்பாகிக் கிடந்தது. சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவி போதாதென்று இந்த வருடம் ஆறாவது அருவி நம் வீட்டுப் பீரோவுக்குள் விழுகிறது என்று தென்காசி முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால், "ஏழாவது எங்கனவே, உம்ம வாயிலயா?" என்று கேட்டிருப்பீர்கள்.

டாக்டர் கையை விரித்த பிறகு நீங்கள் கேட்டது ஒன்றுதான். ஓரியன் நெபுலாவை, வானத்தில் சிறகு விரித்து நிற்கும் அந்த வாயு மேகத்தை, உங்கள் சொந்தக் கேமராவில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். மாசி மாத முன்னிரவு, வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. உங்களை பிளாஸ்டிக் நாற்காலியோடு மொட்டைமாடிக்குத் தூக்கிவந்தேன். குற்றால மலையையே பெயர்த்து வந்தவன் மாதிரி மூச்சு வாங்கிக் காட்டினேன். உண்மையில் நீங்கள் ஒரு தலையணை எடைதான் இருந்தீர்கள்.

தொலைநோக்கியில் மாட்டிய கேமரா, படம் தெளிவாக விழுவதற்காக, பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக்குத் தன்னைத்தானே குளிர்வித்துக்கொண்டது. "தென்காசிக்கே இமயமலை இந்த டப்பாக்குள்ளதான் இருக்கு அத்தான்" என்றேன். இரண்டு நிமிடம் கழித்து முதல் படம் லேப்டாப்பில் வந்து இறங்கியது. திரை முழுக்கக் கருப்பு. அடுத்ததும் கருப்பு. கேபிளை மாற்றினேன். சாஃப்ட்வேரை மூடித் திறந்தேன். கேமராவை லேப்டாப்போடு பேசவைக்கும் டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினேன். நீங்கள் அக்காவின் சால்வைக்குள் இருமிக்கொண்டே திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தீர்கள்.

"மாப்ளே, நடுவுல ரெண்டு புள்ளி தெரியுதே."

"அது கேமராவுக்கு அம்மை போட்டிருக்கு அத்தான்."

சிரித்தீர்கள். சிரிப்பு இருமலானது. வானியல் சக்கரவர்த்தியான நான் தீர்ப்பு எழுதினேன்: "குத்தாலத்து ஈரம் உள்ள போயி கண்ணு அவிஞ்சுட்டு. சர்வீஸுக்கு அனுப்பி அடுத்த வாரம் பாத்துக்கிடுவோம்."

"அடுத்த வாரமா…" என்றீர்கள். சால்வையை இழுத்து மூடிக்கொண்டு, "சரிவே."

அடுத்த வாரம் உங்களை மறுபடியும் தூக்கினோம். இந்தத் தடவை நாலு பேர்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து உங்கள் மகள் லேப்டாப்பைத் திறந்தாள். "மாமா, இந்தக் கோட்ட யாரு இந்த ஓரத்துல கொண்டு வச்சது?"

நான்தான் வைத்தேன். அன்றைக்கு மத்தியானம் வெயிலில் கேமராவைச் சோதித்தபோது படம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைத்தது. இருட்டாக்குவதற்காக, படத்துக்குக் கீழே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் கோட்டை வலது கோடிக்கு இழுத்துவிட்டு மறந்துபோனேன். அது திரையில் தெரிவதை மட்டும்தான் மாற்றும். படத்தைத் தொடாது. அவள் கோட்டை இடது பக்கம் தள்ளினாள். கருப்புக்குள்ளிருந்து சிவப்பாக இரண்டு சிறகு எழுந்து வந்தது. பதினோரு படங்கள், ஒன்றுகூடப் பழுதில்லை. நான் அம்மை என்று சொன்ன புள்ளிகள் அந்த மேகத்தின் நடு நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தன.

"அப்பா இதப் பாத்தாங்களா மாமா?"

ஐந்தருவியில் திமிங்கலம் பிடித்தேன் என்று சொல்லி அவளுக்குச் சோறூட்டிய வாய் இது. அன்றைக்கு அதற்கு ஒரு சொல்தான் கிடைத்தது.

"பாத்தாங்கட்டி."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

இப்போது அந்தப் படம் கண்ணாடி போட்டு உங்கள் மாலையிட்ட படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வருகிறவர்களிடம் எல்லாம் அக்கா, "அவுக கடைசியா ஆசப்பட்டுப் பாத்தது" என்று சொல்லுகிறாள். உடனே எல்லோரும் கதை கேட்க என் பக்கம் திரும்புகிறார்கள். நான் செருப்பைத் தேடுகிறேன். இத்தனை வருடம் நான் அளந்ததில் ஒன்றைக்கூட இந்த ஊர் நம்பியதில்லை. இதை நம்பிவிட்டது.

பொட்டலத்தை மாற்றிப் பெட்டியை மூடிவிட்டேன். அவர்களிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். அது அம்மை இல்லை அத்தான். நட்சத்திரம்தான். நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள்.